போரும் பயங்கரவாதமும்



தமிழ் நாளிதழ்களில் தீவிரவாதம், பயங்கரவாதம் என்னும் இரு சொற்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்து அமர்ந்துகொள்கின்றன. தலைப்பில் ஒன்று, செய்தியின் உள்ளே மற்றொன்று என வருவதும் உண்டு. இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. 1907-ஆம் ஆண்டு சூரத்தில் காங்கிரசு மாநாடு பிளவுபட்டபோது திலகரின் பக்கம் நின்றோர் தீவிரவாதிகள் எனப்பட்டனர். மறுபக்கத்தார் மிதவாதிகள் எனப்பட்டனர். வ.உ. சிதம்பரனாரும் பாரதியாரும் அந்தத் தீவிரவாதிகளின் அணியைச் சேர்ந்தவர்களே. அங்கே அச்சொல் கொள்கையின் வேகத்தைக் குறித்தது. பயங்கரவாதம் என்பதோ செயலின் முறையைக் குறிப்பது. அச்சத்தைக் கருவியாகக் கொள்ளும் முறை அது. வேகத்தையும் முறையையும் ஒரே சொல்லால் சுட்டினால், கடுமையாகப் பேசுகிறவனும் கடைத்தெருவில் வெடிகுண்டு வைக்கிறவனும் ஓரினம் ஆகிவிடுவர். சொல்லையே தொழிலாகக் கொண்டோர் கூடியுள்ள அவையில் இதிலிருந்து தொடங்குவது தகும்.

பயங்கரவாதம் என்பதற்கு மூலமான ஐரோப்பியச் சொல்லின் பிறப்பும் வியப்புக்குரியது. பிரெஞ்சுப் புரட்சியில் 1793, 1794 ஆகிய ஆண்டுகளில் ஆட்சியில் இருந்தோர் தம் எதிரிகளைத் தலைவெட்டுப் பொறிக்கு அனுப்பி நாட்டை நடுங்க வைத்தனர். அந்த ஆட்சியைச் சுட்டவே அச்சொல் எழுந்தது. ஆகவே அச்சொல்லால் முதலில் சுட்டப்பட்டவர்கள் அரசு நடத்தியவர்களே. ஒரு நூற்றாண்டு கழிவதற்குள் அது இடம்பெயர்ந்து, அரசை எதிர்ப்போர் மீது மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று அரசுகள் அதனைத் தம்மைத் தவிர மற்றெல்லாருக்கும் வழங்குகின்றன.

அவ்வாறாயின் போர்ச்செயலையும் பயங்கரவாதத்தையும் பிரிக்கும் கோடு எது? பலரும் முதலில் சொல்லும் விடை, செய்பவர் யார் என்பது. அரசின் படை செய்தால் போர். அரசல்லாதார் செய்தால் பயங்கரவாதம். கேட்பதற்கு எளிய விடை. ஆனால் தமிழ்ப் புறப்பொருள் இலக்கணமே இதனை ஏற்கவில்லை. ஆநிரை கவரும் வெட்சியைத் தொல்காப்பியம் வேந்தன் ஏவலால் நிகழ்வதாகக் கூறுகிறது. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை, அரசன் ஆணையால் செய்வதை மன்னுறு தொழில் என்றும், வீரர் தாமே மேற்கொள்வதைத் தன்னுறு தொழில் என்றும் இரண்டாக வகுக்கிறது. வகுத்தாலும் இருவர் தலையிலும் அது சூட்டுவது ஒரே வெட்சிப்பூ. ஆணை இருந்ததா இல்லையா என்பது இலக்கணிகளுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த வேறுபாட்டால் செயலின் இனம் மாறிவிடுவதாக அவர்கள் கருதவில்லை.

இக்கால உலகச் சட்டமும் ஏறத்தாழ இவ்வழியே வந்துள்ளது. 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், முறையான படையினர் அல்லாத தொண்டர் படைகளையும் போர்புரிவோராக ஏற்றன. பொறுப்புள்ள தலைவன் இருத்தல், தொலைவிலிருந்தே அறியத்தக்க அடையாளம் அணிதல், ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்துதல், போர் மரபுகளைக் காத்தல் என்பவை அதற்குரிய நிபந்தனைகள். அரசின் முத்திரையைக் காட்டிலும் வெளிப்படைத் தன்மைக்கே அங்கு இடம் மிகுதி.

மற்றொரு விடை, நோக்கத்தின் நேர்மையைப் பற்றியது. ஒருவருக்குப் பயங்கரவாதியாகத் தெரிபவரே மற்றவருக்கு விடுதலை வீரர் என்னும் வாசகம் மேடைதோறும் கேட்கிறது. அது ஏதோ பெரிய உண்மையைச் சொல்வதுபோல் தோன்றும். உண்மையில் அது இருவேறு கேள்விகளை ஒன்றாக்கிக் குழப்புகிறது. விடுதலை என்பது எதற்காக என்னும் கேள்விக்கு விடை. பயங்கரவாதம் என்பது எவ்வாறு என்னும் கேள்விக்கு விடை. ஒருவர் இரண்டாகவும் இருக்க இயலும். நேர்மையான நோக்கத்துக்காகக் கொடிய முறையைக் கையாண்டவரும் வரலாற்றில் உளர். கொடிய நோக்கத்துக்காகப் போர்விதிகளை எழுத்துப் பிசகாமல் காத்த தளபதிகளும் உளர்.

எஞ்சி நிற்பது, அம்பு யாரை நோக்கியது என்னும் கேள்வி. அதற்குத் தமிழில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று ஒன்பதாம் பாட்டு அது. போர் தொடங்குமுன் அரசன் அறிவிப்புச் செய்கிறான். பசுக்களும், பசுவைப் போன்ற இயல்புடைய பார்ப்பனரும், பெண்டிரும், பிணியுடையோரும், பிதிரர்க்குக் கடனாற்றப் புதல்வரைப் பெறாதோரும் தத்தமக்குரிய அரணை அடைக. அம்பு விடப்போகிறோம் என்பது அறிவிப்பின் சாரம். அப்பட்டியல் அக்காலச் சமூகத்தின் பட்டியல். உழவனும் குயவனும் அதில் தனித்துக் கூறப்படவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பகைவர் நாட்டில் உள்ளோர் அனைவரும் பகைவர் அல்லர் என்னும் கருத்து அதில் ஐயமின்றி நிற்கிறது.

இப்பாட்டை மேடையில் எடுத்தோதிப் பெருமிதம் கொள்வோர், அதே புலவர் அதே அரசனைப் பாடிய பதினைந்தாம் பாட்டை எடுப்பதில்லை. அங்கே பெருவழுதி பகைவரின் அகன்ற தெருக்களைக் கழுதை ஏர் பூட்டி உழுகிறான். விளைந்த வயல்களில் தேரை ஓட்டுகிறான். காவல் மிக்க குளங்களில் யானைகளை இறக்கிக் கலக்குகிறான். இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியைப் பாண்டரங்கண்ணனார் பாடிய பாட்டிலோ, எரியும் ஊரின் ஒளி அந்தி வானத்துச் செக்கர்போல் தோன்றுகிறது. பகைப்புலத்தைக் கொள்ளையிடுவதற்கும் எரியூட்டுவதற்கும் மழபுலவஞ்சி, உழபுலவஞ்சி எனத் துறைப்பெயர்களும் உண்டு. வயலை அழித்தால் பட்டினி கிடப்பவன் படைவீரன் மட்டும் அல்லன். சங்கப் போர் முழுவதும் அறப்போர் என்பது பிற்காலத்தார் கட்டிய கோபுரம். அடித்தளத்தில் சாம்பலும் இருக்கிறது. ஒரே புலவர் வாயில் அறிவிப்பும் அழிவும் அடுத்தடுத்து வருவதால் ஒன்பதாம் பாட்டின் மதிப்பு குறைந்துவிடாது. எல்லை இது என அறிந்தவனே அதைத் தாண்டவும் செய்தான் என்பதே அதன் பொருள்.

இனி, அச்சம் விளைவாக வருவதற்கும் நோக்கமாகக் கொள்ளப்படுவதற்கும் உள்ள வேறுபாடு. இதை விளக்கச் சென்னைக் கடற்கரையிலேயே ஒரு சான்று உண்டு. முதல் உலகப்போரில், 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி ஏறத்தாழ 130 குண்டுகளைப் பொழிந்தது. அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். குறி, பர்மா எண்ணெய் நிறுவனத்தின் எண்ணெய்க் கிடங்குகள். கிடங்குகள் பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலும் அடிபட்டது, சிலர் உயிரிழந்தனர். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து கப்பல் இருளில் மறைந்தது. நகர மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக்கு ஓடினர். அச்சம் அவ்வளவு ஆழமாகப் பதிந்ததால், எம்டன் என்னும் சொல் எமகாதகன் என்ற பொருளில் தமிழ்ப் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது. பகைவர் கப்பல் ஒன்றின் பெயர் தமிழின் பெயர்ச்சொல் ஆனது மொழிநூலார்க்குச் சுவையான செய்தி.

இத்தனை அச்சத்தை விளைத்தும் எம்டனின் செயல் பயங்கரவாதம் ஆகாது. எண்ணெய் அப்போரின் உயிர்நாடி, கிடங்கு போர்க்குறி. மயிலாப்பூரின் வீடுகள் மீதோ திருவல்லிக்கேணியின் தெருக்கள் மீதோ குண்டு வீச அக்கப்பலுக்கு ஆற்றல் இருந்தது, வீசவில்லை. ஆங்கில ஆட்சியின் மதிப்பை மக்கள் கண்முன் குலைப்பதும் முல்லரின் எண்ணத்தில் இருந்தது என்பர். இருக்கலாம். மக்களின் சாவை அதற்கு அவர் விலையாக வைக்கவில்லை. தாம் பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளைப் பாதுகாப்பாக இறக்கிவிட்ட பின்னரே கப்பலை மூழ்கடித்தார் என்பதால் அவரைப் பகைவர் நாட்டு இதழ்களே பாராட்டின.

அடுத்த உலகப்போரில் அதே ஆங்கிலேய அரசின் நிலை வேறானது. 1942 பிப்ரவரி 14-ஆம் நாள் பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைக்குச் சென்ற ஆணை, பகைநாட்டுக் குடிமக்களின், சிறப்பாகத் தொழிலாளர்களின், மனவுறுதியைக் குலைப்பதையே முதன்மைக் குறியாக வைத்தது. ஆலைக்குப் பதிலாக ஆலைத் தொழிலாளி உறங்கும் தெரு குறியாயிற்று. 1945 பிப்ரவரியில் திரெஸ்டன் நகரம் எரிந்தது. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். அடுத்த மாதம், மார்ச் 28-ஆம் நாள், தலைமை அமைச்சர் சர்ச்சில் படைத்தலைவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். வேறு காரணங்கள் சொல்லிக்கொண்டு அச்சத்தைப் பெருக்குவதற்காகவே நகரங்களைக் குண்டிட்டு அழிக்கும் வழக்கத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. வான்படைத் தலைமை மனம் வருந்தியது. சர்ச்சில் அக்குறிப்பைத் திரும்பப் பெற்று, சில நாளில் வேறொன்று எழுதினார். அதில் அச்சம் என்னும் சொல் இல்லை. எரிந்த நகரம் எரிந்தபடியே இருக்க, சொல் மட்டும் தாளிலிருந்து அகன்றது. நாசிகள் செய்த பெருங்கொடுமைகளுக்கு இதனை நிகராக்குவது அறியாமை. ஆயினும் எதிரி எவ்வளவு கொடியவன் என்பது, குறிவைக்கப்பட்ட தெருவில் உறங்கிய குழந்தையின் கணக்கைத் தீர்த்துவிடாது.

அப்போரின் பின்னர்ச் சட்டம் மெல்ல விழித்தது. 1949-ஆம் ஆண்டின் செனீவா உடன்படிக்கைகளும், 1977-இல் அவற்றோடு சேர்க்கப்பட்ட துணை உடன்படிக்கைகளும் போர்புரிவோரையும் குடிமக்களையும் பிரித்துக் காணுமாறு கட்டளையிட்டன. குடிமக்களிடையே அச்சத்தைப் பரப்புவதை முதன்மை நோக்கமாகக் கொண்ட வன்செயலும், அவ்வாறான மிரட்டலும் போரின் நடுவிலும் தடுக்கப்பட்டவை என 1977-இன் ஆவணம் வெளிப்படையாகக் கூறுகிறது. இதன் உட்பொருளைக் கருத வேண்டும். போரும் பயங்கரவாதமும் தனித்தனி அறைகளில் வாழ்வன அல்ல. போருக்கு உள்ளேயே, சீருடைக்கு உள்ளேயே பயங்கரவாதம் இருக்க இயலும்.

ஏட்டில் இருந்த அவ்விதி சரயேவோ நகரில் உயிர்பெற்றது. 1992-இல் தொடங்கி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அந்நகரம் முற்றுகையில் கிடந்தது. தண்ணீருக்கு வரிசையில் நின்றோரும், டிராம் வண்டியில் சென்றோரும், சந்தைக்கு வந்தோரும் சூழ்ந்த மலைகளிலிருந்து சுடப்பட்டனர். முற்றுகைப் படையின் தளபதியாக இருந்த ஸ்தானிஸ்லாவ் காலிச் என்பவரை, முன்னாள் யூகோசுலாவியாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003-இல் குற்றவாளி எனக் கண்டது. குடிமக்கள் மீது அச்சத்தை ஏவிய குற்றமும் தீர்ப்பில் தனியே இடம்பெற்றது. 20 ஆண்டுத் தண்டனை, 2006-இல் மேல்முறையீட்டில் வாழ்நாள் தண்டனையாக உயர்ந்தது. சீருடை அணிந்த தளபதி ஒருவர், போர் நடத்தியதற்காக அன்றி, போரின் பெயரால் பயங்கரவாதம் செய்ததற்காகத் தண்டனை பெற்றார்.

முற்றுகை என்றதும் ஆவூரும் நினைவுக்கு வரும். நலங்கிள்ளி சூழ்ந்து நிற்க, நெடுங்கிள்ளி கோட்டையை அடைத்து உள்ளே இருக்கிறான். பாலின்றிக் குழந்தைகள் அலறுகின்றன, பூவின்றி மகளிர் வெறுந்தலையை முடிக்கின்றனர், யானைகளும் வாடுகின்றன. கோவூர் கிழார் உள்ளே இருக்கும் அரசனையே கடிகிறார். அறத்தை நாடினால் கதவைத் திற; மறத்தை நாடினால் வெளியே வந்து போரிடு; இரண்டும் இன்றி ஒளிந்திருப்பது நாணத்தக்கது என்பது அவர் கூற்று. மக்களைத் தாக்குவது மட்டுமன்றி, மக்களுக்குப் பின்னே மறைவதும் குற்றமே என்று அப்புலவர் கண்டார்.

அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்தியோரிடையேயும் இவ்வெல்லையை அறிந்தோர் இருந்தனர். 1905-ஆம் ஆண்டு மாஸ்கோவில் இவான் கலியாயெவ் என்னும் இளைஞர், சார் மன்னரின் சிற்றப்பன் செர்கேய் கோமகன் மீது குண்டு வீசக் காத்திருந்தார். கலியாயெவைத் தோழர்கள் கவிஞர் என்றே அழைத்தனர். அவர் பாக்கள் எழுதுபவர். பழைய ருசிய நாட்காட்டியின்படி பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு கோமகனின் வண்டி வந்தது. கலியாயெவ் குண்டோடு முன்னே ஓடினார். வண்டிக்குள் கோமகனின் மனைவியும் உடன்பிறந்தானின் பிள்ளைகள் இருவரும் இருந்தனர். ஓங்கிய கை தாழ்ந்தது, வண்டி சென்றுவிட்டது. திரும்பி வந்து, செய்தது சரிதானா என்று தோழர்களைக் கேட்டார், சரிதான் என்றனர். இரு நாள் கழித்துக் கோமகன் பிள்ளைகளின்றி வந்தபோது குண்டை வீசிக் கொன்றார். தப்பியோட முயலாமல் பிடிபட்டு, அவ்வாண்டே தூக்கிலிடப்பட்டார். ஆல்பெர் காமு 1949-இல் அரங்கேறிய தம் நாடகம் ஒன்றுக்கு இந்நிகழ்ச்சியைக் கருவாக்கினார். இரண்டாம் முறை வீசிய குண்டு வண்டியோட்டியையும் கொன்றது என்பதைக் கலியாயெவைப் போற்றுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். அரசியல் கொலையைத் தூய்மையாக்க எடுத்த கதை அன்று இது. பிள்ளைகள் இருந்த வண்டியின் முன் தாழ்ந்த கைக்கும், பிள்ளைகள் நிறைந்த இடத்தையே தேடிச்செல்லும் கைக்கும் இடையே உள்ள தொலைவைக் காட்டுவதே கருத்து. மணியாச்சியில் 17.6.1911 அன்று ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனும், அதே பெட்டியில் இருந்த ஆஷின் மனைவியைச் சுடவில்லை.

இவ்வளவும் பேசிவிட்டு ஈழத்தைப் பேசாமல் விடுவது தமிழ் அவைக்கு நேர்மை ஆகாது. 1995-ஆம் ஆண்டு சூலை 9-ஆம் நாள், யாழ்ப்பாணத்து நவாலியில் புனித பேதுரு தேவாலயத்திலும் சூழலிலும் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ் மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இலங்கை வான்படையின் குண்டுகளுக்கு இரையாயினர். ஏழு மாதங்கள் கழியுமுன், 1996 சனவரி 31-ஆம் நாள், விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய சுமையுந்தைக் கொழும்பு மத்திய வங்கியின் மீது மோதச் செய்தனர். ஏறத்தாழ 90 பேர் மாண்டனர், 1,400 பேர் காயமுற்றனர். முன்னதைப் போரின் தவிர்க்கவியலா விளைவு என்றும் பின்னதைப் பயங்கரவாதம் என்றும் கூறியோர் உண்டு. முன்னதை இனக்கொலை என்றும் பின்னதைப் பொருளாதாரக் குறிமீதான போர்ச்செயல் என்றும் கூறியோரும் உண்டு. வங்கிக் கட்டடம் குறி என்றால், அலுவலக நேரத்தில் அதனுள்ளும் தெருவிலும் இருந்த எழுத்தரும் வழிப்போக்கரும் யார்? தேவாலயம் குறியன்று என்றால், அதன் மேல் குண்டு எவ்வாறு விழுந்தது? இரு கேள்விகளையும் ஒருவரே கேட்கும்போதுதான் கேள்வி நேர்மையாகிறது. நவாலிக்கு இரங்கிய தமிழ்க்கவிதை, கொழும்புக்கும் இரங்கியிருக்க வேண்டும். அவ்வாறு இரங்குவதால் நவாலியின் துயரம் ஒரு துளியும் குறைந்திராது.

2009-இல் அப்போர் முடிந்த முறையை ஐக்கிய நாடுகள் பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் ஆராய்ந்து அறிக்கை தந்தது. மக்களைப் போகச் சொன்ன பாதுகாப்பு வலயங்கள் மீதே அரசு எறிகணை வீசியது, மருத்துவமனைகளும் தாக்கப்பட்டன என்பதற்கு நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் உள்ளன என்றது அவ்வறிக்கை. புலிகள் மக்களை அரணாகப் பிடித்து வைத்தனர், தப்பியோட முயன்றோரைச் சுட்டனர் என்பதற்கும் அவ்வாறே உள்ளன என்றது. அரணை அடைக என்று அறிவித்து, அடைந்த அரணையே தாக்குவது நெட்டிமையார் பாட்டைத் தலைகீழாக்குவது. மக்களை உள்ளே அடைத்து வைத்தது கோவூர் கிழார் ஆவூரில் கடிந்ததைக் காட்டிலும் பல மடங்கு கொடிது.

போர்ச்செயல் என்று பெயர் பெற்றுவிட்டால் ஒரு செயல் நல்லது ஆகிவிடும் என இங்குக் கூறப்படவில்லை. போர் கொன்றவர் தொகையோடு ஒப்பிட்டால் பயங்கரவாதம் கொன்றவர் தொகை மிகச் சிறிது. எண்ணிக்கை பெரிதாயினும், போரில் வாளேந்தியவன் வாளேந்தியவனை நோக்குகிறான் என்னும் ஒரு நூலிழை எஞ்சியிருக்கிறது. அது அறுந்தபின் எவனுடைய உயிரும் பிறனுக்கு அனுப்பும் செய்தியாகிவிடும். செய்தியாக மட்டும் கொல்லப்பட்டவனுக்குத் தன் சாவிலும் பங்கில்லை. பார்த்து நடுங்க வேண்டியவர் வேறு யாரோ.

அவ்வாறு செய்தியாக்கப்பட இருந்த சிறுவர் சிலர் புறநானூற்றின் நாற்பத்தாறாம் பாட்டில் நிற்கின்றனர். கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக்காலில் இட ஆணையிட்டான். கோவூர் கிழார் அங்கே வந்து, நீ புறாவின் துயர் தீர்த்தவன் மரபினன். இவரோ புலவர் வறுமை கண்டு தம் உணவைப் பகிர்ந்தளித்தவர் வழியினர் என்றார். பின்னர் அச்சிறுவர்களைப் பார்க்குமாறு காட்டினார். யானையைக் கண்டதும் அதுவரை அழுத அழுகையை அவர்கள் மறந்துவிட்டனர். மன்றத்தில் கூடியவர்களை மருண்டு நோக்கி, முன்பு அறியாத புதியதோர் அச்சத்தோடு நிற்கின்றனர். கூறவேண்டியதைக் கூறிவிட்டேன், இனி விரும்பியதைச் செய் என்று பாட்டு முடிந்துவிடுகிறது. அரசன் என்ன செய்தான் என்பது பாட்டில் இல்லை. அடிக்குறிப்பு எழுதிய பெயர் தெரியாத ஒருவர்தாம், புலவர் பாடி அம்மக்களை உய்யக்கொண்டார் என்று குறித்து வைத்துள்ளார்.